இன்னொரு தரம்

மணி ஒன்று ஆகிவிட்டது, இந்நேரம் எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நவநீதன் ஆற்றோரமாக நடந்தான். எல்லாரும் என்றால் யார் யார் என்று அவனுக்குத் தெரியாது. சிர்பா இருப்பார், அது நிச்சயம், அவர் வீட்டு விருந்துதானே. அவருக்கு ஒரு வீட்டுக்காரர் இருப்பார், வாட்டசாட்டமாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு. மகனோ மகளோ ரயிலேறி வந்திருப்பார்கள். பேரன் பேத்தி ரெண்டு மேசைக்கடியில் புகுந்து புகுந்து ஓடிக்கொண்டிருக்கும். ஏழு மாதமாக ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்கார அம்மா, ஒரு நாளாவது உங்க வீட்டில் யாரெல்லாம் இருக்காங்க என்று இவன் கேட்டதில்லை. இங்கே அதெல்லாம் கேட்கக் கூடாது என்று வந்த புதிதில் எவனோ சொல்லிவைத்தான், அதையே பிடித்துக்கொண்டுவிட்டான். காங்கேயத்தில் பஸ் ஏறினால் ஊத்துக்குளி வருவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரரின் சின்ன மருமகள் எந்த ஊர் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். பூட்ஸுக்கடியில் பொடிக்கல் நறநறவென்றது. பனியில் யாரும் வழுக்கி விழக்கூடாதென்று குளிர்காலம் முழுக்கக் கொட்டிய கல், இன்னும் கூட்டி அள்ளவில்லை, ஒவ்வொரு எட்டுக்கும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரிப் பல் கூசியது. பின்லாந்தில் இந்தத் துர்க்கு நகரத்துக்குப் படிக்க வந்து ஏழு மாதம் என்றாலும் இன்றைக்குத்தான் ஊரையே பார்க்கிறான் என்று சொல்ல வேண்டும். வந்த ஜோரில் இருட்டு வந்தது, இருட்டோடு பனி வந்தது, விடுதி விட்டால் ஆய்வகம், ஆய்வகம் விட்டால் விடுதி. இப்போது பனி வடிந்து, உள்ளே இருந்த ஊர் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இங்கே ஒரு படிக்கட்டா, இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது. படியில் ஆட்கள் ஆளுக்கொரு கஜம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, கண்ணை மூடி, வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மிளகாய் காயப்போட்ட மாதிரி. சிரிப்பு வந்தது, சொல்ல ஆள் இல்லை, சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு. விடுதியில் கூட இருந்தவர்கள் எல்லாம் வியாழக்கிழமையே மூட்டை கட்டிவிட்டார்கள், சமையலறையில் அவனுடைய குக்கர் மட்டும் நிற்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் பால் வாங்கிவிட்டு ‘கீட்டோஸ்’ என்று நன்றி சொன்னானே, அதுதான் அவன் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு வெள்ளி, சனி, இன்றைக்கு அரை நாள். காலையில் பல் விளக்கும்போது சோதித்துப் பார்க்கிற மாதிரி “நவநீதன்” என்று தன் பேரையே சொல்லிப் பார்த்தான், குரல் பாதியில் பிசிறு தட்டி இன்னொருத்தன் குரலாக வந்தது. வருகிற வழியில் கடைக்கதவு, கிட்டே போனால் தானாகத் திறக்குமே அந்தக் கதவு, திறக்கவில்லை. லீவு என்று தெரியும், தெரிந்தும் ஒரு நொடி அதன் முன்னால் நின்று, நான் வந்தது அதற்குத் தெரியவில்லையோ என்று நினைத்தான். வீட்டுக்குப் பேசியிருக்கலாம். பேசாததற்குக் காரணம் இருக்கிறது. அப்பா கண்டிசன் போட்டிருந்தார், சித்திரை வரைக்கும் பார், அதுக்கு மேலயும் ஆள் அண்டாத ஊருன்னா பேசாமக் கிளம்பி வந்துரு, தேங்காய்க் களத்தைப் பார்த்துக்கலாம் என்று. அந்தப் பேச்சை அடக்கத்தான் புதன்கிழமை ராத்திரி அம்மாவிடம் சொன்னான், கூட வேலை பார்க்கிறவங்க ஞாயித்துக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க என்று. அது பொய் இல்லை. கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று தான் சொன்னதைத்தான் சொல்லவில்லை. இனி களத்துக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்பது ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்து நிற்கிறது என்றால் யாராவது நம்புவார்களா.

புதன்கிழமை நடந்ததை இதோடு நூறு தரம் ஓட்டிப் பார்த்திருப்பான். ஆய்வகத்துப் பெரிய குக்கர் ஒன்று உண்டு, கண்ணாடிக் குடுவைகளைக் கிருமி போக ஆவியில் அவிப்பதற்கு. அதன் மூடியைத் திறந்து ஆவி அடங்கட்டும் என்று ரெண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சிர்பாவுக்கு அம்பத்தஞ்சு அறுபது வயதிருக்கும். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட இன்றைக்கும் நாக்கு கூசுகிறது, அம்மா வயசுக்காரியை யாராவது வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா, ஆனால் இங்கே எல்லாருக்கும் பேர்தான். அவர் ஆவியையே பார்த்துக்கொண்டு அவருடைய நிறுத்தி நிறுத்திப் பேசும் இங்கிலீஷில் சொன்னார், “ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு என் வீட்டில் ஆட்டுக்கறி சமைக்கிறேன். விருப்பமிருந்தால் வா.” இவனுக்கு உள்ளே என்னமோ குதித்தது, தாயைக் கண்ட கன்றுக்குட்டி மாதிரி. குதிக்கக் குதிக்கவே வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது, “இல்லை இல்லை, இருக்கட்டும், ரொம்ப நன்றி.” சிர்பா தலையாட்டினார். “சரி,” என்றார். குடுவைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். அது முடிந்துபோன பேச்சு என்று இவனுக்கு அப்போது தெரியவில்லை. ரெண்டாம் தரம் கேட்பார் என்று நின்றான். சரி, இப்போது கை வேலையாக இருக்கிறார், அப்புறம் கேட்பார். ரெண்டாம் தரம் கேட்டால் சொல்வதற்கு ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்பதையும் இங்கிலீஷில் தயார் பண்ணி வைத்துக்கொண்டான். மத்தியானம் பேர் ஒட்டும் சீட்டு வேண்டும் என்ற சாக்கில் அவர் மேசைப் பக்கம் போனான், சீட்டு கிடைத்தது. மூணு மணிக்குக் கத்தரிக்கோல் வேண்டும் என்று போனான், அதுவும் கிடைத்தது. நாலரைக்கு சைக்கிள் நிறுத்துமிடத்தில், தனக்கு சைக்கிளே இல்லாதபோதும், போய் நின்றான். அவர் ஹெல்மெட்டை மாட்டி, “நாளை எனக்கு விடுப்பு. நல்ல ஈஸ்டர்,” என்று சொல்லி, பெடலை மிதித்துப் போயே போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றானே, அப்போதாவது ஓடிப்போய் வருகிறேன் என்று கத்தியிருக்கலாம். கத்தி. யார், இவனா.

முதல் தரம் வேண்டாம் என்பது எலும்பில் எழுதியது, அதை எப்படி அழிப்பது. ஆறு வயதிருக்கும், வெள்ளகோவிலில் அத்தை வீடு. சொம்பில் தண்ணீர் வந்தது, பிறகு தட்டில் பணியாரம் வந்தது, “எடுத்துக்க கண்ணு,” என்று அத்தை நீட்டுகிறார். இவன் கை பாதி தூரம் போய்விட்டது. தொடையில் அப்பாவின் நகம். கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது. “இருக்கட்டுமுங்க அத்தை.” வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார், கேட்டதும் வாயைத் தொறந்தரக் கூடாது, நாம என்ன சோத்துக்குச் செத்தவங்களா. முதல் தரம் வேண்டாம்னு சொல்லோணும், அது நம்ம மரியாதை. ரெண்டாம் தரம் கேட்பாங்க, அது அவங்க மரியாதை. அப்பயும் வேண்டாம்தான், கொஞ்சம் இழுத்துச் சொல்லலாம். மூணாந்தரம் ‘சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க’ன்னு எடுத்துக்கலாம். பந்தியில் உட்கார்ந்தால் அதற்கும் ஒரு வித்தை. போதும் போதும் என்று இலைமேல் கையைக் குடை பிடிக்கும்போது விரலை நெருக்கி வைக்கக் கூடாது, லேசாக விரித்து வைக்க வேண்டும், கரண்டி பிடித்தவருக்கு அந்தச் சந்து தெரியும், சந்து வழியாக ஒரு கரண்டி விழும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொண்டவன் சித்தப்பா மகன் லோகேசன். எட்டு வயதில் ஒரு சீர் வீட்டில் முதல் தரம் கேட்டதுமே “போடுங்க அத்தை” என்று இலையைத் தள்ளி வைத்தான், பந்தியே சிரித்தது. இன்றைக்கு அவனுக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை இருக்கிறது, இன்னும் ‘போடுங்கத்தை வந்துட்டானா’ என்றுதான் கேட்பார்கள். லோகேசன் இந்த ஊருக்கு வந்திருந்தால் இந்நேரம் கறியை ரெண்டாம் தரம் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பான். ஊரே சிரித்த பயலுக்கு உலகம் பூராவும் சோறு கிடைக்கும் போலிருக்கிறது. விரலை விரித்து வைத்தவன் பொடிக்கல்லில் நடக்கிறான். சிர்பாவுக்கு அந்தச் சந்து தெரியவில்லை. அவர் கண்ணுக்குக் கைதான் தெரிந்தது, கை வேண்டாம் என்றது, வேண்டாம் என்றவனை வற்புறுத்துவது அவருக்கு மரியாதைக் குறைச்சல். அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். இவனும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். ரெண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு வேளைச் சோறு காணாமல் போய்விட்டது.

ஆற்றைக் கடக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு படகு உண்டு, ரெண்டு நிமிஷத்தில் அக்கரை, காசு கிடையாது, ஏறி நின்றால் போதும். ஏறினான். நான் ஒன்றும் அவர் வீட்டுக்குப் போகவில்லை, படகைப் பார்க்கத்தான் ஏறினேன் என்று யாரோ கேட்ட மாதிரி உள்ளுக்குள் பதில் சொன்னான். அக்கரையில்தான் சிர்பாவின் வீடு, மரவீடுகள் இருக்கிற தெரு, மஞ்சள் வீடு என்று எப்போதோ சொன்னது ஞாபகம். தண்ணீர் கலங்கலாக, டீ நிறத்தில் ஓடியது. இறங்கித் தெருவுக்குள் போனால் மஞ்சள் வீடு ஒன்றல்ல, பதினொன்று இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தட்டில் பச்சைப் பசேலென்று புல் முளைக்கவிட்டிருந்தார்கள், அச்சு அசல் முளைப்பாரி, நடுவில் மஞ்சள் பஞ்சுக் கோழிக்குஞ்சு ஒன்றைச் செருகி வைத்திருந்ததுதான் வித்தியாசம். இதை இவர்கள் ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பார்களா, கும்மி அடிப்பார்களா, யாரைக் கேட்பது. ஒரு மஞ்சள் வீட்டின் ஜன்னலுக்குள் நீள மேசை தெரிந்தது, ஏழெட்டுப் பேர், ஒரு பெரியவர் கண்ணாடியோடு கறியை அறுத்துக்கொண்டிருந்தார், குழந்தை ஒன்று ஸ்பூனால் மேசையைத் தட்டியது. இதுதான். இதேதான். பெரியவர் கண்ணாடி கூட இவன் நினைத்த மாதிரியே மூக்கு நுனியில். நரைத்த தலையோடு ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், அது சிர்பாவேதான். ஒரு நாற்காலி கூடக் காலி இல்லை, அதைக் கவனித்தான். மணியை அடித்தால் என்ன சொல்வது. வேண்டாம் என்று சொன்னேன், அது வேண்டாம் இல்லை, என்றா. எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சோத்துக்குச் செத்தவன் வந்திருக்கிறான். கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் குழந்தை இவனைப் பார்த்துவிட்டது, ஸ்பூனை நிறுத்திக்கொண்டு அசையாமல் பார்த்தது. திருடன் மாதிரி நகர்ந்தான். நாலு வீடு தள்ளி வந்த பிறகுதான் நடையைக் குறைத்தான். அடுத்த ஞாயிறும் இப்படித்தான் நடப்பேனோ, அதற்கடுத்த வருஷமும், படிப்பு முடிந்து வேலை கிடைத்து, நல்ல கோட்டு ஒன்று வாங்கி, அந்தக் கோட்டோடு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நடப்பேனோ.

அப்போதுதான் போன் அடித்தது. சுகுணா அக்கா, தாராபுரத்திலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். “என்றா, சோறு உண்டாச்சா?” “ம், சாப்பிட்டுட்டே இருக்கறோம்க்கா.” “விருந்துங்கறே, சத்தத்தையே காணோம். எழவு வீடாட்ட இருக்குது.” “பேசறதுக்கு வெளிய வந்தேன். உள்ள நிறையப் பேரு.” “என்ன போட்டாங்க?” “ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு.” குழந்தையின் ஸ்பூன் ஞாபகம் வந்தது, கடையில் அட்டைப் பெட்டியில் பார்த்த ஈஸ்டர் பண்டம் ஞாபகம் வந்தது. “அப்புறம் கறுப்பா ஒண்ணு, களியாட்ட, இனிப்பா.” “களி உங்கறதுக்கா அத்தனை தூரம் போனே! அதைக் காங்கேயத்துலயே கிண்டித் தந்திருப்பனே. போட்டோ அனுப்பு.” “சாப்பிடறப்ப எடுக்கக் கூடாதுக்கா இங்க.” பொய் எத்தனை லேசாக வருகிறது, ரெண்டரை நாள் பேசாத வாயிலிருந்து இதுதானா முதலில் வர வேண்டும். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். “சாமி, நல்லா உபசரிச்சாங்களா? ஒருக்காக் கேட்டுட்டு உட்டுட்டாங்களா?” தெரு ஓரத்துப் பனிக்கட்டி மிச்சம் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. “இல்லீங்மா. மூணு தரம் கேட்டாங்க.” “மூணு தரம் கேட்டாங்களாக்கும்.” அம்மாவின் குரலில் ஏதோ ஒன்று இளகிக் கீழே உட்கார்ந்தது, களைத்தவர் நாற்காலியில் உட்காருகிற மாதிரி. “நல்ல சனந்தான். உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடறேன், ராத்திரியெல்லாம் உன்ற ரோசனைதான் அவருக்கு. அந்தம்மாகிட்டப் போனைக் குடு.” “அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்மா.” “தெரியாட்டிப் போகுது, கும்புடறேன்னா புரியாதா? சரி உடு, உள்ள தேடுவாங்க, போய் உக்காரு. நான் கேட்டேன்னு சொல்லிப்போடு.” வைத்துவிட்டார். உள்ளே தேடுவார்கள். போனைப் பையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்தான், படகுத்துறை வரைக்கும் அது சூடாக இருந்தது.

படகு அந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஏறி, காற்று படாத உட்புறத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தான். நீலக் கோட்டு, மடியில் ஒரு பிளாஸ்க், பிளாஸ்க்கைப் பிடித்த கையில் அந்த ஆவிக் குக்கர் சுட்ட தழும்பு. சிர்பா. இவர் எப்படி இங்கே, மேசையில் அல்லவா இருந்தார், நான் கண்ணால் பார்த்தேனே. எழுந்து இறங்கிவிடலாம் என்றால் படகு நகர்ந்துவிட்டது. “மோய்,” என்றார் அவர், எல்லாரும் சொல்கிற வணக்கம்தான். இவனும் “மோய்” என்றான், பிசிறடித்தது. அப்புறம் இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். இந்த ஊரில் பேசாமல் இருப்பது குற்றமில்லை, பேசாமலே அக்கரை போய்விடலாம், ரெண்டு நிமிஷம், அதில் அரை நிமிஷம் போய்விட்டது. “விருந்து முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டுவிட்டான். சிர்பா யோசித்தார். “விருந்து இல்லை. நீ வரவில்லை என்றாயே. ஒரு ஆளுக்காக அடுப்பை மூட்டுவதில் அர்த்தமில்லை. கறி அப்படியே உறைந்து கிடக்கிறது.” குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி, வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். “அப்ப மத்தவங்க?” “மற்றவர்கள் யார்?” என்றார். அந்தக் கண்ணாடிக்காரர், அந்த மகன், அந்தப் பேரன் பேத்தி, ஏழு மாதமாக இவனே சோறு போட்டு வளர்த்த அத்தனை பேரும் அந்த மஞ்சள் வீட்டு மேசையிலிருந்து எழுந்து போய்விட்டார்கள், இவர் ஒருத்தர்தான் பாக்கி. படகு கரையில் இடித்து நின்றது. கதவு திறந்தது. அவர் எழவில்லை. “நீங்க இறங்கலையா?” “இல்லை. இதில் காற்றில்லை, வெயில் இருக்கிறது. நாலைந்து தரம் போய் வருவேன்.” இவனும் எழவில்லை. கதவு மூடியது, படகு வந்த வழியே திரும்பியது.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்ததால்தான் காது சுட்டது. “எங்கூடச் சாப்பிட வாங்க,” என்றான். “என் விடுதிக்கு. அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு சாதம் ஆக்குவேன், கால் மணி நேரந்தான்.” சிர்பா பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். “வேண்டாம். நன்றி. உனக்குத் தொந்தரவு.” சரி என்று தலையாட்ட வேண்டிய இடம் இது. இந்த ஊரில் இந்த இடத்தில் தலையாட்டினால் மரியாதை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும், அவர் நாலைந்து தரம் போய் வருவார், இவன் பொடிக்கல்லில் நடப்பான். கழுத்து பாதி ஆடியும் விட்டது. “இல்லீங்க, வாங்க,” என்றான். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, கூண்டுக்குள் இருந்த படகோட்டி திரும்பிப் பார்த்தார். “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்.”

சிர்பா முழுசாக அவன் பக்கம் திரும்பினார். கோபமில்லை, புதுக் கருவி ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தார். “வேண்டாம் என்று சொன்னேனே. காதில் விழவில்லையா?”

“விழுந்துதுங்க.”

“பிறகு ஏன் மறுபடி கேட்கிறாய்?”

அவன் சொன்னான். இங்கிலீஷ் அங்கங்கே உடைந்தது, உடைந்த இடத்தையெல்லாம் கையால் காட்டினான். எங்க பக்கம் முதல் தரம் வேண்டாம்னுதான் சொல்லணும்ங்க, வேணும்னா கூட, ரொம்ப வேணும்னா ரொம்ப வேண்டாம்னு சொல்லணும், கேட்கிறவங்க திரும்பக் கேட்பாங்க, திரும்பக் கேட்காட்டி அவங்க மனசாரக் கேட்கலைன்னு அர்த்தம். புதன்கிழமை நான் சொன்னது அந்த வேண்டாம். அதுக்கப்புறம் சீட்டுக்கு வந்தேன், கத்தரிக்கோலுக்கு வந்தேன், எனக்கு சைக்கிளே கிடையாது. மூச்சு வாங்கியது. இத்தனை நாளில் பேச வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் பேசிவிட்டு, தன் கைகள் இன்னும் காற்றில் நிற்பதைப் பார்த்து அவற்றை மடியில் வைத்துக்கொண்டான். சிர்பா நடு ஆற்றிலிருந்து கரை வரைக்கும் தண்ணீரைப் பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டேனா, பைத்தியம் என்று நினைக்கிறாரா, நாளை மறுநாள் ஆய்வகத்தில் எந்த முகத்தோடு நிற்பேன். படகு கட்டையில் உரசி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

“உங்கள் ஊரில் எத்தனை தரம் கேட்பார்கள்?” என்றார் சிர்பா.

“மூணு தரம்ங்க.”

அவர் வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். பிளாஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்து, பையை மடியில் நேராக நிறுத்திக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தார்.

“இரண்டுதான் ஆகியிருக்கிறது,” என்றார்.